சிப்பிக் கல்லில் ஒரு பெயர்

கல் பார்த்த நாள்

பெங்களூர் ஆடுகோடியில் கல்லறைக் கல் வெட்டும் பட்டறை என்னுடையது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாக்கள் வந்தால் கல்லைப் பார்க்க மாட்டார்கள். எதையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆரோக்கியம் சார் அப்படி இல்லை. ஜோகுபாளையத்துக்காரர், காலேஜில் ஜியாலஜி பாடம் நடத்தியவர். ஒரே மகள் மெர்சி டெங்குவில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரும் கேட்கும் கறுப்பு கிரானைட்டைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மூலையில் கிடந்த ராஜஸ்தான் மஞ்சள் கல்லின் முன்னால் குந்திவிட்டார். பாலிஷ் போட்ட முகத்தில் சின்னச் சின்னச் சிப்பிகள் வெட்டுப்பட்டுத் தெரியும். ஃப்ளோரிங்குக்கு வாங்குகிறவர்கள் அதை டிசைன் என்பார்கள்.

டிசைன் இல்லை என்று சார் விளக்கினார். கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை எல்லாம் செத்து அடியில் படியும். சதை போய்விடும், ஓடு தங்கும். அதன்மேல் இன்னொரு படுகை, அதற்கும்மேல் இன்னொன்று. மேலே இருக்கும் பாரம் அழுத்தும், இடுக்குகளில் சுண்ணாம்பு இறங்கி ஒட்டும், கோடிக்கணக்கான வருடத்தில் கல்லாகிவிடும். பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு ஆசிட் விட்டார். கல் புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்புக்கல்தானா என்று பார்க்கும் வழி அதுதானாம்.

"கிரானைட்டு நெருப்புல பொறந்ததுப்பா. இதுல ஒவ்வொண்ணும் உயிரோட இருந்தது. என் பொண்ணுக்கு இதையே போடு."

பெயரை வெட்டி முடித்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது.

திருநாளுக்கு மறுநாள்

நவம்பரில் கல்லறைத் திருநாள். கல்லறைகளைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மறுநாள் சார் போன் செய்தார். எழுத்து மங்கிவிட்டது, மறுபடியும் வெட்டித் தர வேண்டுமாம். போய்ப் பார்த்தால் ர் மேலிருந்த புள்ளியே காணோம். கல் முகம் முழுக்கச் சொரசொரவென்று இருந்தது. பெங்களூர் மழை எவ்வளவு பெய்தாலும் ஒரு வருடத்தில் இப்படி ஆகாது. கல்லறைக் காவல்காரர்தான் சொன்னார். சாரின் மனைவி பிலோமினா அம்மா பாத்ரூம் ஆசிட் ஊற்றி, பிரஷ் போட்டு, மணிக்கணக்கில் தேய்த்தாராம். சார் பக்கத்திலேயே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆசிட் பட்டால் சுண்ணாம்புக்கல் கரையும் என்று ஜியாலஜி வாத்தியாருக்கா தெரியாது? வாயை அடக்க முடியாமல் சாரிடம் கேட்டே விட்டேன்.

"தெரியும்பா," என்றார். "வருஷம் பூரா அழுவுறா. அன்னைக்கு ஒரு நாள்தான் அழாம, கொழந்தைய குளிப்பாட்டுற மாதிரி கழுவுறா. அத நான் எப்படி நிறுத்துறது? நீ வெட்டிக் குடுத்துடு. அவகிட்ட சொல்லாத."

ஒவ்வொரு திருநாளுக்கும் மறுநாள் உளியோடு போனேன். கல் இளைத்துக்கொண்டே வந்தது.

அம்மா வந்தபோது

போன மழைக்காலத்தில் சார் மாரடைப்பில் காலமானார். அந்த வருடத் திருநாளில் அம்மா தனியாகத்தான் கல்லறைக்குப் போயிருக்கிறார். ஆசிட் ஊற்றப் போகும்போது காவல்காரர் தடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராகப் பட்டறைக்கு வந்தார். கையில் அந்த பாட்டில், மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"அவ பேர நான்தான் அழிச்சிட்டு இருந்தேனா ரவி? அவர் ஏன் எங்கிட்ட சொல்லல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சார் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா அங்கே கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. சாருக்கு மகள் பக்கத்திலேயே இடம் என்பதால், அதே மஞ்சள் கல்லில் ஒன்றை அவருக்காக எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன்.

"வேணாம்பா. அவருக்கு கிரானைட்டு போடு. இனிமே அவளத் தேய்க்க முடியாது. அவரையாவது தேய்ச்சிக்கிறேன்."

கிரானைட்டே போட்டேன். பாத்ரூம் ஆசிட் அதை அரிக்காது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கல் வாங்க வருகிறவர்களிடம் நீள அகலம் கேட்பதற்கு முன்னால், அதைக் கழுவப்போவது யார் என்று கேளுங்கள்.