தாய்ப்பலகை யாருடைய உரிமை

2009இல் எனக்குப் பதினாறு வயது. ஊஸ்டர் நகரில் கட்டட வரைபடம் வரையும் ஓர் அலுவலகத்தில் லேர, அதாவது தொழிற்பயிற்சி இடம், கிடைக்கும் போலிருந்தது. ஒரு வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து திங்கட்கிழமை காலை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தகுந்த கணினி வீட்டில் இல்லை.

கடையில் முழுதாக ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் அது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. ஓல்டனில் தபால் பொதிகள் பிரிக்கும் மாமாவும் எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலையில் நிற்கும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் கணினி விற்பன்னர்கள். என் சாமத்தியவீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில், யார் முதலில் படத்துக்கு நிற்பது என்று பிணங்கியதிலிருந்து இருவருக்கும் கதைபேச்சு இல்லை. மாமா புரோசஸரும் மெமரியும் வாங்கினார். சித்தப்பா மதர்போர்டு வாங்கினார். மாமா அதற்கும் முகத்தைத் தூக்கினார். "தாய்ப்பலகை எண்டா தாய்மாமன்தானே வாங்கவேணும்" என்றார், சிரிக்காமல்.

ஒருவர் வாங்கியதை மற்றவர் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது? பெட்டியில் பெரிய எண்ணாகப் பார்த்து மாமா வாங்கிய புரோசஸரின் பஸ் வேகம், அதாவது மற்ற உறுப்புகளோடு அது தகவல் பரிமாறும் வேகம், 1333. சித்தப்பாவின் மதர்போர்டு 1066க்கு மேல் ஏறாது. எல்லாம் பொருந்தின, திரையும் ஒளிர்ந்தது. ஆனால் குடும்பமாகக் கோயிலுக்கு நடந்துபோனால் முழங்கால் வலிக்காரரின் நடைதானே எல்லோருக்கும்? புரோசஸர் இறங்கி வந்தது, மெமரியும் கூடவே இறங்கியது. நான் வீட்டின் கூரையைக் கொஞ்சம் திருப்பினால், அது திரும்பி முடிவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். பிறகு எல்லாம் உறைந்து நின்றுவிடும். மூன்று முறை முதலிலிருந்து வரைந்தேன், மூன்று முறையும் அழுதேன்.

சனிக்கிழமை காலை சித்தப்பாவுக்குப் போன் எடுத்து எண்களை வாசித்துக் காட்டினேன். தன்னுடைய போர்டில் ஒரு பிழையும் இல்லை, மாமாவின் சாமானை மாற்றச் சொல்லு என்றார். மாமாவுக்கு எடுத்தேன். அவர் கத்துவார் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"பிழை என்னிலதான், பிள்ளை. வாங்க முதல் அவரோட ஒருக்காக் கதைச்சிருக்கவேணும். மாமா மன்னிப்புக் கேட்டவர் எண்டு சொல்லிவிடு."

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வேகம் வேண்டுமென்றால் மாற்றவேண்டியது போர்டைத்தான், சித்தப்பாவையும் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டவர் என்று சொன்னால் மனுசன் கதிரையில் சாய்ந்து நாள் முழுக்கப் பெருமைப்படுவார், கடைக்குப் போகமாட்டார். மறுநாள் ஞாயிறு. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மதர்போர்டு என்ன, ஓர் ஆணிகூட வாங்கமுடியாது.

மறுபடி சித்தப்பாவுக்கு எடுத்தேன்.

"சித்தப்பா, உங்கட பலகையில வெங்காயம்தான் வெட்டலாமாம். மாமா சொல்லுறார்."

அந்தப் பக்கம் கதிரை தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "கடை எத்தினை மணிக்குப் பூட்டும்?" என்றார்.

பின்னேரம் அவரே ரயிலேறி வந்தார். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த மதர்போர்டு, 1333ஐத் தாண்டியும் இடமிருந்தது. தானே பொருத்தினார், பல்லைக் கடித்துக்கொண்டு. என் விரல் அசைந்தபடியெல்லாம் கூரை சுழன்றது. திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தேன், இடம் கிடைத்தது. இன்றைக்கும் வீடு வரைந்துதான் சாப்பிடுகிறேன்.

அவர்கள் இருவரும் இன்றைக்கும் கதைப்பதில்லை. என் கல்யாணத்தில் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் நின்றார்கள். நான் மாமாவுக்குச் சாப்பாடு போட்டபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், அண்டைக்குத் தான் கேட்ட மன்னிப்பைச் சொன்னபோது சித்தப்பா என்ன சொன்னவர் என்று.

"ஒண்டும் சொல்லேல்லை, மாமா" என்றேன்.