வலது பக்கத்து வெள்ளிக்கிழமைகள்

யுத்தம் முடிந்து, கற்பிட்டி வீதிக்குத் தார்க் காபட் போட்ட பிறகு எங்கள் பக்கத்துக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆலங்குடாக் கடலில் பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்கிறவர்கள். வாடகை ஸ்கூட்டரில், தோளில் ஈரத் துவாயோடு, காலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார்கள். நாலு பேரில் ஒருவர் பிழையான பக்கத்தால் போவார். கேற்றடியில் நான் நின்றால் என்னை அறியாமலே "இடது, இடது" என்று கத்திவிடுவேன். அவர்கள் சிரித்துக் கையைக் காட்டிவிட்டு அதே பக்கத்தாலேயே போவார்கள்.

போன வாரம் இந்தப் பழக்கம் என் மகனையே விழுத்திவிட்டது.

அவன் படிக்கவென்று ஜேர்மனிக்குப் போய் இரண்டு மாதம். கம்பசுக்குச் சைக்கிளில் போகிறான். "உம்மா, பாருங்க, நான் எவ்வளவு வடிவா வலது பக்கத்தால ஓடுறன்" என்று போனைச் சைக்கிள் பிடியில் மாட்டிக் காட்டினான். மரங்கள் தெரிந்தன. மழையில் நனைந்த வீதி தெரிந்தது. எதிரே ஒரு வெள்ளை வேன் தெரிந்தது. எனக்கு மூளை நின்றுவிட்டது. "மகன், இடதுக்கு எடுங்க" என்று வீடு அதிரக் கத்தினேன். இருபது வருடம் இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. எடுத்துவிட்டான். அதன் பிறகு போனில் வானம் மட்டும்தான் தெரிந்தது.

அல்ஹம்துலில்லாஹ், வேன் நின்றுவிட்டது. முழங்கை உரசியதோடு போயிற்று. ஆனால் அந்தச் சாம்பல் நிற வானம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன். சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்கிறேன். முப்பது வருடத்துக்கும் முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, இந்த நடுக்கத்துக்குள்தான் திரும்பி வந்தது. அன்றைக்கும் கத்தியது நான்தான். சொல் மட்டும் வேறு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாலாவியில் இருந்தோம். உம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்து உப்பளத்து லொறி ஓட்டினார். அவருக்குச் சவூதியில் ஒரு வீட்டுக்குச் சாரதியாகப் போக விசா வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பெருநாள்தான். வந்தவர்கள் எல்லோரும் மாமாவின் பாஸ்போட்டைக் கையில் வாங்கி, படத்தைப் பார்த்து, "ஆள விட வடிவா இரிக்கி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாமாவுக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது. பள்ளிவாசல்துறையிலிருந்து போன அவருடைய கூட்டாளி ஒருவர், மூன்றாம் நாளே பழக்கதோஷத்தில் பிழையான பக்கத்தால் ஓட்டி, காரை மதிலோடு முட்டி, மாதம் முடியுமுன் ஊருக்கு வந்துவிட்டார். அங்கே எல்லாம் வலது பக்கம். "மூளைக்கு விளங்கும் மச்சான். கைக்குத்தான் விளங்காது" என்று அவர் சொன்னதை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிளேனுக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குள் கைக்குப் படிப்பிக்க வேண்டும்.

உப்புப் பாத்திகளுக்கு நடுவே லொறி போகிற அகலமான மண் பாதை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அங்கே ஆள் நடமாட்டம் இராது. கொக்குகளும், சில நேரம் மேய வருகிற கழுதைகளும்தான். லொறியைக் கழுவித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லி மாமா வாங்கிக்கொண்டு போவார். கழுவவும் செய்தார். கழுவுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி முதலாளி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பக்கத்து சீற்றுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பெரிய ஆட்களைக் கூட்டிப் போனால் கதை ஊருக்குள் வந்துவிடும். என்னைக் கூட்டிப் போனார்.

"உனக்கு ஒரே ஒரு வேலதான். லொறி இடதுக்குப் போனா, வலதுண்டு கத்து. மெல்லமாச் சொன்னா என்ட கைக்குக் கேக்காது."

எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் கத்துவது மட்டும் காரணமல்ல. ஓதப்பள்ளியில் குர்ஆன் படிப்பித்த லெப்பை எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்: சாப்பிடுவது வலது கையால், பள்ளிக்குள் வைப்பது வலது காலை, செருப்புப் போடுவதும் வலது காலில் முதலில். இடது காலை முதலில் வைப்பது கக்கூசுக்குள் போகும்போது. ஆகவே, மக்கா இருக்கிற நாட்டில் வலது பக்கத்தால் ஓடுகிறார்கள் என்பதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. பாலாவிச் சந்தியில் பஸ்ஸும் லொறியும் சீமெந்து ஏற்றிய வண்டிகளும் ஒன்றுவிடாமல் கக்கூசுக்குப் போவது போல ஏன் போகின்றன என்பதுதான் விளங்கவில்லை. மாமாவிடம் கேட்டேன். "வெள்ளக்காரன் பாத்த வேல" என்றார். அந்த வெள்ளைக்காரனின் பிழையைத் திருத்தத்தான் நாங்கள் இருவரும் வெள்ளிக்கிழமைகளில் புறப்படுகிறோம் என்று நான் நம்பினேன்.

முதல் வெள்ளிக்கிழமை கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் லொறி மாடு தொழுவத்துக்குப் போவது போல இடது பக்கம் போகும். நான் கத்துவேன். மாமா திடுக்கிட்டு வெட்டுவார். நான் சீற்றில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சறுக்குவேன். கிடுகால் மூடிய உப்புக் குவியல்கள் ஜன்னலில் விர்ரென்று போகும், கொக்குகள் ஒன்றாக எழும்பும். பாதைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு வெறும் எண்ணெய்ப் பீப்பாயை வைத்து, அதுதான் ரியாத் என்றார் மாமா. ரியாத்தை நாங்கள் எத்தனை தரம் சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தரம் அதை உருட்டியும் விட்டோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. திரும்பி வரும்போது உப்பளத்துக் கேற்றில் மாமா லொறியை நிறுத்தி, "இலங்க வந்துட்டு" என்பார். அதோடு என் வேலை முடிந்தது. பிரதான வீதியில் ஏறி, மற்ற எல்லோரையும் போல இடது பக்கத்தால் வீட்டுக்குப் போவோம். அந்தத் தோல்வியை நான் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்வேன்.

ஆறாம் வெள்ளிக்கிழமை எனக்குக் கத்த ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. மாமா ரியாத்தை மூன்று தரம் தப்பில்லாமல் சுற்றினார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அது வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை படிச்சிட்டு" என்றார். இன்னும் மூன்று நாளில் பிளேன். சந்தோசத்தில் அவருக்கு வாய் மூடவில்லை. அங்கிருந்து எனக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை வரும் என்றார். படுக்கவைத்தால் மூடுமா, நிமிர்த்தினால் மூடுமா என்று நான் கேட்டேன். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே கேற்றைத் தாண்டினோம். இலங்கை வந்துவிட்டதை அவர் சொல்ல மறந்துவிட்டார்.

லொறி வீதியில் ஏறி இடது பக்கம் திரும்பியது. அன்றைக்கு முழுவதும் காத்திருந்த சொல் எனக்குக் கிடைத்தது. இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து, "வலது, மாமா" என்று கத்தினேன்.

கை படித்திருந்தது. ஒரே வெட்டாக வலது பக்கம் போனது. அந்தப் பக்கத்தால் கற்பிட்டி பஸ் வந்துகொண்டிருந்தது.

ஹோர்ன் சத்தம் காதுக்குள் இறங்கியதும், பஸ்ஸின் முகம் வீடு அளவுக்குப் பெருத்ததும் நினைவிருக்கிறது. மாமா இன்னும் வலதுக்கு ஒடித்தார். நாங்கள் வீதியை விட்டு இறங்கி வாய்க்காலுக்குள் போனோம். உப்புத் தண்ணீர் எழும்பி முன் கண்ணாடி முழுவதையும் மூடியது. பிறகு சத்தமே இல்லை. என் உதட்டில் உப்புக் கரித்தது. என் வாழ்க்கையில் அதுவரை நடந்தவற்றில் இதுதான் மிகச் சிறந்தது என்று எனக்குப் பட்டது.

"இன்னொருக்காப் போவமா மாமா" என்று கேட்டேன்.

மாமா என் தலையை, கையை, காலைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டார்.

பஸ் நின்றது. சிலாபத்துக்காரரான டிரைவர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே இறங்கி வந்தார். ஜன்னலில் என் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்குப் பின்னால் வந்த கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். லொறியின் சக்கரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"மச்சான், சவூதிக்குப் பிளேன்லதான் போறது. வாய்க்காலால போக ஏலா."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "மூணு நாள்தான் இரிக்கி" என்றார். முதலாளி பொலிசுக்குப் போனால் லைசன் போய்விடும், லைசன் போனால் சாரதி வேலைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன நடந்த?" என்று கண்டக்டர் கேட்டார்.

மாமா ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு கழுத குறுக்கால வந்திச்சி."

கண்டக்டரும் என்னைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்த வீதியைப் பார்த்தார். "ஓம், ஓம். நானும் கண்டன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கழுதை ஒன்றும் வரவில்லை, நான்தான் வலது என்று சொன்னேன், மாமா அதைச் சரியாகக் கேட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்டக்டர் ஜன்னலால் கையை நீட்டித் தன் டிக்கெட் புத்தகத்தை என் மடியில் வைத்தார். "புள்ள, இதப் பத்திரமாப் பாத்துக்க. ஆருக்கும் குடுக்காத." அப்படியொரு பொறுப்பு கிடைத்த பிறகு நான் ஏன் கதைக்கப்போகிறேன்?

பஸ்ஸின் பின்னால் கயிறு கட்டினார்கள். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார்கள். லொறி மூன்றாம் இழுவைக்கு வெளியே வந்தபோது, முதலாளியும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒரு லைட் உடைந்திருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்த விதத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கழுதயாம்" என்றார் முதலாளி.

"மூக்கு வெள்ள, முதலாளி" என்றார் கண்டக்டர். "குட்டியும் பின்னால வந்திச்சி." சிலாபத்து டிரைவர் ஏதும் விளங்காவிட்டாலும் பலமாகத் தலையாட்டினார். மீன் கூடையோடு நின்ற ஒருவர் குட்டி எவ்வளவு உயரம் என்று கையால் காட்டினார்.

முதலாளி உடைந்த லைட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "புது லைட்டப் போட்டுட்டு பிளேன் ஏறு" என்றார். அவ்வளவுதான். கண்டக்டர் வந்து தன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

மாமா திங்கட்கிழமை போனார். பல வருடம் அங்கே ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். பொம்மையும் வந்தது, படுக்கவைத்தால்தான் கண் மூடியது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கழுதைக்கு வயது போகவே இல்லை. உம்மா கழுதையைக் கண்டால் இன்றும் ஏசுவார். மாமா தன் விசாவுக்காகப் பொய் சொன்னார் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்து வைத்திருந்தேன். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தேன்.

மகன் விழுந்த அன்று பின்னேரம் அவனுடைய வாப்பா போனில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். எப்படி விழுந்தாய் என்று கேட்டார். மகன் போன் திரையில் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு பூன குறுக்கால வந்திச்சி வாப்பா" என்றான்.

நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வாய்க்காலுக்குள் போன அன்றைக்கு, வீட்டுக்குப் போகும்போது மாமா லொறியை மிக மெதுவாக, இடது ஓரத்தோடு ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கழுத எங்க மாமா வந்த? நான் காணல்லியே."

"நீ மத்தப் பக்கம் பாத்துட்டு இருந்த, மகள். அதான் காணல்ல."

அப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மூக்கு வெள்ளை, பின்னால் குட்டி. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாலாவிச் சந்தி வரும்வரை அதைத் தேடிக்கொண்டே போனேன்.