பத்து மணி வகுப்பும் சிவப்பு மை ரெஜிஸ்டரும்

என் கதையை எழுதினால் மூன்று புத்தகம் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பதின்மூன்று வயதில் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பதினாலு மாடி படியேறியவன். இன்றைக்கு இந்த நகரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள் என் பராமரிப்பில் ஓடுகின்றன. பெரிய பெரிய இன்ஜினியர்கள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இப்போது எழுதுவது எங்கள் அலுவலகத்தில் காலை வேளையில் போன் எடுத்த பெண்ணைப் பற்றி.

மெக்கானிக் பையன்கள் அவளை 'ரேடியோ' என்பார்கள். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் வந்த பெயர். ஆனால் அவள் பேசியது சம்பளத்துக்கு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து ஒரு பொத்தானை அமுக்குவார்கள், எங்கள் அறையில் மணி அடிக்கும். எடுத்துப் பேச வேண்டும். எடுத்தவர், மாட்டிய ஆள் வெளியே வந்து தரையில் கால் வைக்கும் வரைக்கும் போனை வைக்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுக்கவும் கூடாது. இது நான் போட்ட சட்டம். முன்பு ஒருமுறை பாதியில் குரல் மாறியதும் உள்ளே இருந்தவர் பயந்துபோய்க் கதவை நெம்பிக் காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே குரல்தான். இந்தத் தொழிலில் வேறு எவனும் இப்படி யோசித்ததில்லை.

ரேடியோவுக்குக் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை வேலை. பத்து மணிக்குக் கல்லூரி. பஸ்ஸில் இருபது நிமிடம். இரண்டாம் ஆண்டு. தினமும் முதல் வகுப்பு புள்ளியியல். பத்தேகாலுக்குக் கதவைச் சாத்திவிடுவார்களாம்.

கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரே ஆபீசுக்குக் கிளம்புவது எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில். லிஃப்ட் நிற்பதும் அப்போதுதான். ஒன்பதேகாலுக்கு மணி அடித்தால் போச்சு. ஒருத்தி உள்ளே அழுவாள். ஒருத்தன், "உன் முதலாளிய வரச் சொல்லு, வேலையை விட்டுத் தூக்கறேன் உன்னை" என்று கத்துவான். இவள் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஆள் கிளம்பிட்டாங்க சார், ரெண்டு தெரு தள்ளி வந்துட்டாங்க, உங்க பேரென்ன சார், எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டுக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். போனை வைத்ததும் தண்ணீரைக் கூட நின்றபடி குடித்துவிட்டு ஓடுவாள்.

ஒரு நாள் பதினோராவது மாடியில் மாட்டியவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேச்சோடு பேச்சாக இவள் புள்ளியியல் படிக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, இருட்டில் நின்றபடியே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பெரிய மெக்கானிக் போய்க் கதவைத் திறந்து, "வெளிய வாங்க சார்" என்றால், "இருப்பா, அந்தப் பொண்ணுக்கு இந்த ஒரு கணக்கை முடிச்சுட்டு வர்றேன்" என்றாராம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அவள் போனை வைத்தபோது மணி பத்து நாற்பது. பாடம் கிடைத்தது, வருகைப் பதிவு போய்விட்டது.

அவள் அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். அப்பா இடுப்பில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். இவள் சம்பளத்தில்தான் இவள் படிப்பு.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு லெட்டர் வேணும்."

"எதுக்கும்மா?"

"காலேஜ்ல அட்டெண்டன்ஸ் கொறையுது. புள்ளியியல்ல எண்பது கிளாஸ்ல ஐம்பத்தெட்டு வந்திருக்கேன். அறுபது இருக்கணும். ஒரு பாடத்துல கொறஞ்சாக்கூட பரீட்சை எழுத விட மாட்டாங்க, வருஷமே திரும்பப் படிக்கணும். வேலை செய்யற இடத்துலேர்ந்து லெட்டர் கொண்டு வந்தா மன்னிச்சு விடலாம்னு எங்க துறைத் தலைவர் மேடம் சொன்னாங்க."

"லெட்டர் யார் வேணும்னாலும் எழுதுவான். நானே வர்றேன். ரெஜிஸ்டரையும் எடுத்துட்டு வர்றேன்."

அந்த ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் போன் வந்தது, எந்தக் கட்டடம், யார் எடுத்தது, ஆள் வெளியே வந்தது எப்போது எல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு மையில். ஐந்தாம் வகுப்புக்காரன் உண்டாக்கிய முறை. இருபத்தாறு வருடமாக ஒரு நிமிடம் பிசகியதில்லை.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "வேணாங்கய்யா. லெட்டர் போதும்."

"ஏம்மா கூச்சப்படறே?"

"கூச்சமில்லைங்கய்யா. லெட்டர்தான் கேட்டாங்க."

பெரிய மெக்கானிக் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, புள்ள லெட்டர்தானே கேக்குது. குடுத்துட்டு விடுங்களேன்."

"நீ ஸ்குரூ முடுக்கற வேலையைப் பாருடா. இந்த மாதிரி எடத்துல எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். துறைத் தலைவர் அம்மா கண்ணாடி போட்டவர், மரியாதையானவர். ரெஜிஸ்டரை அவர் முன்னால் விரித்து வைத்தேன். ரேடியோ கதவோரம் நின்றாள்.

"இவ்வளவு நேர்த்தியா யார் சார் எழுதறாங்க?"

"எழுதறது பிள்ளைங்க. முறை என்னோடது மேடம். நான் அஞ்சாங்கிளாசு."

சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு தன் வருகைப் பதிவேட்டைத் திறந்து ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு விரல் இதில், ஒரு விரல் அதில். மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒன்பதாம் தேதி பத்து ஐம்பதுக்குப் போனை வச்சிருக்கா. ஆனா அன்னிக்குப் பத்து மணி கிளாஸ்ல இருந்ததா இங்க இருக்கே?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "எங்க ரெஜிஸ்டர்ல தப்பே வராது மேடம்" என்றேன். "உங்க புத்தகத்துலதான் எங்கேயோ தப்பு இருக்கும். நல்லாப் பாருங்க."

நன்றாகத்தான் பார்த்தார். ஒன்பது, பதினேழு, அடுத்த மாதம் மூன்று, இருபத்தொன்று. நான்கு நாள் சிக்கியது.

"யாரும்மா உனக்குப் பதிலா 'பிரசண்ட்' சொன்னது? பக்கத்துல உட்கார்றவளா?"

"நான்தான் மேடம் அவளைச் சொல்லச் சொன்னேன். அவ மேல தப்பில்ல. அவளை விட்டுடுங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐம்பத்தெட்டுல நாலு போனா ஐம்பத்து நாலு. ஐம்பத்தாறு வரைக்கும் மன்னிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. அதுக்குக் கீழ இல்ல."

"ரெண்டு நாள்தானே மேடம்!"

"சார், நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுத்திருந்தா நான் இந்தப் புத்தகத்தையே திறந்திருக்க மாட்டேன். இப்ப என் கண்ணால பார்த்துட்டேன். பார்க்கலைன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அந்த ஒரு வாரம் நான் ஏறாத படியில்லை. முதல்வரைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்கே போனேன். அந்தக் கட்டடத்தின் மூன்று லிஃப்டும் என் பராமரிப்பு, காவலாளி எழுந்து சல்யூட் அடிப்பான். மேலே உட்கார்ந்திருந்தவர் காபி வாங்கிக் கொடுத்து, "லிஃப்ட் வேற, இது வேற சார்" என்று அனுப்பிவிட்டார். யாரிடம் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. எல்லோரும் அவரவர் சட்டப்படிதான் நடந்தார்கள். என் சட்டத்தை மட்டும் என்னால் மாற்ற முடிந்தது. ஒன்பதரை ஆனால் போன் கை மாறலாம் என்று எழுதி ஒட்டினேன். ரேடியோ அதைப் படித்துவிட்டு, "நல்லதுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான். 'பிரசண்ட்' சொன்ன சிநேகிதிக்கு ஒரு வாரம் கல்லூரிக்கு வரத் தடை போட்டார்கள். அவள் இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, படிக்கட்டுதான். ஒற்றை அறை, நடுவில் துணி மறைப்பு. அவள் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இருந்த ஒரே நாற்காலியை அம்மா துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கய்யா. எங்க பொண்ணுக்காக நீங்க காலேஜ் படியேறிப் பேசினீங்களாமே. சொந்த மாமன் இருந்தாக்கூடச் செய்ய மாட்டான். அவ பண்ண தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? யார வச்சு 'பிரசண்ட்' சொல்ல வச்சாளோ, எப்படியோ மாட்டிக்கிட்டா."

நான் ரேடியோவைப் பார்த்தேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. எப்படி மாட்டினாள் என்பதை வீட்டில் சொல்லவே இல்லை. நான் சொல்லத்தான் போயிருந்தேன். எத்தனையோ சபையில் பேசிய வாய் இது. அந்த அம்மா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரை அவள் வந்தாள்.

"ஏம்மா, வீட்ல சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க."

"அன்னிக்கே ரெஜிஸ்டர் வேணாம்னு அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேங்கய்யா."

ஆமாம், சொன்னாள். இரண்டு தடவை. நான் இரண்டு படி இறங்கியதும் கூப்பிட்டாள்.

"ஐயா, அடுத்த வருஷம் கிளாஸ் தொடங்கற வரைக்கும் எனக்குக் காலைல எங்கேயும் போக வேண்டியதில்ல. பன்னெண்டு மணி வரைக்கும் போன் எடுக்கட்டுமா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது?