அழிக்கச் சொன்ன படம்

போட்டோ ஸ்டுடியோ அக்காவின் கையில் சிக்கிய எந்த முகமும் பிறந்தபடி வெளியே போனதில்லை. மருவை நீக்குவார், தழும்பை மறைப்பார், ஒரு கண் சிறிதாக இருந்தால் மற்றதற்குச் சமமாக்குவார். கேட்டால், "உங்க அப்பா அம்மா அவசரத்துல விட்டதை நான் திருத்தறேன், அவ்வளவுதான்" என்பார்.

ஒருநாள் அவருடைய வலது கண்ணே வலியோடு சிவந்து வீங்கியது. அடுத்த சில நாட்களில் வெளியே தள்ளிக்கொண்டும் வந்தது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. தனியாகப் படம் எடுக்க வந்த ஆளிடம், "ரெண்டு பேரும் நேரா உக்காருங்க" என்றார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கண் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "கண்ணுக்குப் பின்னாடி தசை வீங்கியிருக்கு. அபூர்வமா வர்ற அழற்சியா இருந்தா திடீர்னு வரும், மாத்திரைக்கு அடங்கும். மெதுவா வளர்ந்த கட்டின்னா திறந்து பாக்கணும். பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்கம்மா, எப்போலேர்ந்து தள்ளியிருக்குன்னு தெரியும்."

போட்டோவுக்கா பஞ்சம்? கண்ணைத் திறப்பார்கள் என்ற பயத்தில் அக்கா ஆல்பத்தையே தூக்கிவந்தார். டாக்டர் புரட்டப் புரட்ட முகம் சுளித்தார்.

"எல்லாத்துலயும் ரெண்டு கண்ணும் அளந்து வச்ச மாதிரி இருக்கே."

"அளந்துதான் வச்சேன்" என்றார் அக்கா, குரல் இறங்கி. தன் இடது கண்ணை நகலெடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டுவது அவர் வழக்கம். அசல் படங்களை உடனே அழித்துவிடுவார். வலது கண் இருந்ததற்கு அத்தாட்சியே இல்லை.

கூட வந்திருந்த அக்காவின் கணவர் தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. போன மாசம் நீ சாப்பிடறப்ப எடுத்தது."

"அதை அழிக்கச் சொன்னேனே?"

"அழிச்சிட்டேன்னு சொன்னேன்."

போனில் அக்கா இரண்டு கன்னமும் உப்ப, மோவாயில் எண்ணெய் வழிய, கணவரை முறைத்துக்கொண்டிருந்தார். முறைத்த முறைப்பில் கண்கள் இரண்டும் நன்றாக விரிந்திருந்தன. டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மட்டம். அப்ப இது புதுசா வந்ததுதான். ரத்த டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை ஆரம்பிப்போம். கேக்கலன்னா அப்புறம் யோசிக்கலாம்."

மாத்திரை கேட்டது. கண் உள்ளே போனது, கன்னம் வெளியே வந்தது. பின்னது மாத்திரையின் கைங்கரியம். கண்ணின் மாற்றத்தைப் பார்க்க வாராவாரம் படம் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்ததால், கணவர் போனைத் தூக்கினார்.

"கன்னத்தைக் கொஞ்சம் குறைச்சிடவா?"

"கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்று அக்கா முறைத்தார், இரண்டு கண்ணாலும்.