வடமதுரை ரோட்டில் ஒரு பைலட் படகு விற்பனைக்கு

பீர் முகமதுவுக்கு அறுபது வயது. அதில் நாற்பது வருடம் பிரியாணி அடுப்போடு போனது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வடமதுரை ரோட்டிலிருக்கும் கடையை மருமகன் அல் அமீனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. மருமகனோ ஒரே பிடியாக நின்றான்.

"மாமா, அந்தப் படகு வெளிய போகட்டும். அப்புறந்தான் நான் உள்ள வருவேன்."

கடலில் நிற்கும் கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கூட்டிவர பைலட் என்று ஒருவர் போவார். அவரை ஏற்றிக்கொண்டு போகும் இரும்புப் படகு அது. துறைமுக ஏலத்தில் எடுத்து, லாரியில் கொண்டுவந்து, கடை வாசலில் கருங்கல் அடுக்கி நிறுத்தியவர் பீர் முகமதுதான். படகில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட ஊரே திரண்டு வரும் என்று நினைத்தார். வரத்தான் செய்தார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டு எதிர்க்கடையில் போய்ச் சாப்பிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, திண்டுக்கல் வெயிலில் அந்தக் கேபினுக்குள் மனுசனே தம்மில் வெந்துவிடுவான்.

விற்பனைக்கு என்று போர்டு வைத்து இரண்டு வருடமாகிறது. பழைய இரும்பு வாங்கும் சோலைமலை மட்டும் நாலைந்து முறை வந்தான். "ஓடுற படகை அறுக்கக் குடுக்க மாட்டேம்ப்பா" என்று ஒவ்வொரு முறையும் விரட்டிவிட்டார். அவருக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு.

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து மரியராஜ் வந்தார். படகு ஓட்டிப் பழகிய ஆள். இன்ஜினைத் திறந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. "நல்லா வச்சிருக்கீங்க பாய். கடல்ல இறக்கிரலாம்" என்றார். பீர் முகமதுவுக்கு அப்போதே முட்டி வலி பாதி குறைந்தது. உள்ளே திரும்பி, மனைவி குர்ஷித் பேகத்திடம் டீ போடச் சொன்னார்.

மரியராஜ் கடைசியாகப் படகுக்கு அடியில் தவழ்ந்து போனார். தகட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"பாய், இதென்ன அடியில ஏழு ஓட்டை?"

"அது நாந்தான் தம்பி போட்டேன். மொத மழைக்கே உள்ள தண்ணி கட்டி ஒரே கொசு. ட்ரில் மெஷின் வாங்கியாந்து போட்டு விட்டேன். தட்டு கழுவுற தண்ணியும் அதுலயே போயிரும்."

மரியராஜ் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். சிரிக்கவில்லை. "ஓட்டைய மட்டும்னா அடைச்சிரலாம் பாய். எச்சித் தண்ணியும் உப்பும் ஓடி ஓடி, சுத்தித் தகடே அரிச்சுப் போச்சு. வெரல வச்சு அமுக்குனா உள்ள போவுது. இத நம்பி ஒரு ஆள ஏத்த முடியாது."

டீயைக் குடித்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

பீர் முகமது படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவமானமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. பிறகு போனை எடுத்து, "சோலைமலை, அறுக்குற மெஷினோட வா" என்றார்.

அறுத்து ஏற்ற இரண்டு நாளானது. மூன்றாம் நாள் அல் அமீன் கல்லாவில் உட்கார்ந்தான். பீர் முகமது வீட்டில் காலை நீட்டிப் படுத்தார். தூக்கம் வரவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் ஓட்டை போட்டேன்" என்றார்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த குர்ஷித் பேகம் நிமிரவில்லை. "தண்ணி வடியவும் நானுந்தானங்க சந்தோசப்பட்டேன்" என்றாள்.