ரிப்போர்ட்டில் வராத வாசகி

"படிக்கிறாங்க சார்... ஒருத்தங்க தினமும் படிக்கிறாங்க."

அன்று மீட்டிங்கில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அப்போது திருத்தணியில் ஒரு காலேஜ் லைப்ரரியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆன்லைன் ஜர்னல்களை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று மாதாமாதம் ரிப்போர்ட் எடுப்பது என் வேலை. "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்று கேட்டிலிருந்து கேன்டீன் வரை போஸ்டர் ஒட்டியதும் நான்தான். போஸ்டரில் இருந்த பெண்ணுக்குப் பசங்க மீசை வரைந்தார்கள். வேறு பலன் இல்லை.

மெடிக்கல் ஜர்னல்களைப் படித்தது சுமதி அக்கா மட்டும். ஆர்.கே.பேட்டைக்காரர். பார்ட் டைம் பிஎச்.டி. பவர்லூம் ஓட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாவது பற்றி ஆராய்ச்சி. அவருடைய நைனாவுக்கே பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும்.

பார்ட் டைம் ஆட்களுக்கு வீட்டிலிருந்து படிக்க லாகின் கிடையாது. அதனால் என்னுடைய பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலையே போன். பின்னால் தறி ஓடுகிற சத்தம். "தொறந்துக்கிச்சுடீ! படிச்சுகினு இருக்கேன்!"

ரிப்போர்ட்டில் ஸ்டாஃப் லாகினைச் சேர்க்கக் கூடாது. நாங்கள் டெஸ்ட் பண்ணிப் பார்ப்பதெல்லாம் படிப்பு ஆகாதே. ஒவ்வொரு மாதமும் என் பெயரை நானே நீக்கினேன். கூடவே, என் பெயரில் அக்கா படித்ததும் கணக்கிலிருந்து போனது.

"ஏம்மா, மெடிக்கல் பக்கம் ஈ காக்கா கூட இல்லியே... யாருக்காக வாங்குறோம் இத?" என்றார் பிரின்சிபால், அந்த மீட்டிங்கில்.

"பசங்க போன்ல வேற பாடம் படிச்சுகினு இருக்காங்க சார்" என்றார் எங்கள் லைப்ரேரியன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாஸ்வேர்டு கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

ஜூனில் சந்தாவை நிறுத்தினார்கள். லைப்ரரிக்கே வந்து உட்கார்ந்தாலும் அந்த ஜர்னல்கள் திறக்கவில்லை.

"ஏண்டீ, நாந்தான் தெனம் படிச்சேனே... அது கணக்குல வர்லயா?"

"சிஸ்டத்துல வர்லக்கா."

"சரி வுடு. நீ இன்னா பண்ணுவ."

இப்போது சென்னையில் வேறு காலேஜில் இருக்கிறேன். இங்கே பார்ட் டைம் ஆட்களுக்கும் லாகின் உண்டு, கேட்ட அன்றே கொடுக்கிறோம். யாராவது வந்து கேட்டால், ஃபார்ம் நிரப்புவதற்குள் எனக்குக் கை அவசரப்படுகிறது...

சந்தா நின்று இரண்டு வருஷம் கழித்து சுமதி அக்கா பிஎச்.டி. ரிஜிஸ்ட்ரேஷனை கேன்சல் செய்தார். மூன்று அத்தியாயம் எழுதியிருந்தார்.