அக்கா போட்ட ஆறு டிக்

என் கைப்பையின் உள்ஜிப்பில் ஓர் அட்டை இருக்கிறது. அதில் மூன்று கட்டங்கள்: குளிர்கிறது, இதமாக இருக்கிறது, வேர்க்கிறது. நடுக் கட்டத்தில் மட்டும், பேனாவை அழுத்திப் போட்ட ஆறு டிக். அரைமணிக்கு ஒன்று வீதம் மூன்று மணி நேரத்துக்கு ஆறு. இதைக் கிழித்துப் போட்டுத் தொலையேன் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். ஆனாலும் விமானம் ஏறும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன்.

அதைப் போட்டவர், பெங்களூரில் எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அக்கா. கோலார் தங்கவயலில் பிறந்து, நீலசந்திராவில் குடியிருந்தவர். மேனேஜர் பக்கத்தில் இருந்தால் என்னை மேடம் என்பார். படிக்கட்டில் தனியாகப் பார்த்தால் கண்ணு. விமானத்துக்குள் வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் புரோகிராம் எழுதுவது என் வேலை. அந்தக் காற்றை எஞ்சினிலிருந்துதான் எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். குறைவாக எடுத்து, உள்ளே இருப்பதையே சுத்தம் செய்து சுற்றவிட்டால் மிச்சம். அதற்காகப் பயணிகளை நடுங்கவிடவும் முடியாது. எதுவரை குறைக்கலாம் என்று பார்க்க, விமானத்தின் உட்புறம் போலவே ஓர் அறை கட்டி, வானத்தில் இருப்பதுபோல் அதன் சுவர்களைக் குளிர்வித்து, ஆட்களை உட்கார வைத்து அட்டை கொடுப்போம். கடைசிச் சோதனைக்கு ஓர் ஆள் குறைந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் பிளேனே ஏறினதில்லியே கண்ணு" என்று சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேலே இருந்த காற்றுத் துளையை அண்ணாந்து பார்த்தார். "எங்கப்பாவுக்கு சொரங்கத்துக்குள்ள காத்து அனுப்புவாங்க. நீ மேல போறவங்களுக்கு அனுப்புறியா?" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் புரோகிராம், மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஜன்னலோரம் தரைப்பக்கம் வரும் வெதுவெதுப்பான காற்றைத்தான் முதலில் குறைக்கும். ஜன்னலோரம் இருக்கும் நான்கு பேரில் மூவராவது இதமாக இருக்கிறது என்றால்தான் அது தேறும். இருவர் இதம் என்றார்கள். ஒருவர் குளிர்கிறது என்றார். நான்காவது அட்டை அக்காவுடையது. தேறிவிட்டேன்.

சோதனை முடிந்து டீ குடிக்கப் போனபோது, அக்கா ஒரு டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.

"என்னக்கா இது?"

"காலு ரெண்டும் மரத்துப் போச்சு கண்ணு. நடந்தா சரியாயிடும், வுடு."

"அப்புறம் ஏன் இதமா இருக்குன்னு போட்டீங்க?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "நீ செஞ்ச மிஷினுக்கு மார்க் போடுற அட்டைதானே அது? மேனேஜர் பாக்கப் போறாரு. உனக்குப் போய் நான் கொறச்சுப் போடுவேனா?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்த அட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மறுநாள் அறிக்கை போயாக வேண்டும், மேனேஜர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரின் கால்தானே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அனுப்பிவிட்டேன். எல்லோரும் கைகொடுத்தார்கள். அட்டையை மட்டும் கோப்பில் விட்டுவைக்க மனம் வரவில்லை, எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு காண்டிராக்டர் மாறி, அக்காவும் நின்றுவிட்டார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்குப் புத்தி வர இரண்டு வருடமானது. விசாரித்து நீலசந்திராவுக்குப் போனேன். கதவைத் திறந்த மகள், அம்மா தவறி நாலு மாசம் ஆகுது என்றாள். நான் யாரென்று சொன்னதும் உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். "நீங்கதானா அது? அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லும் மேடம். பிளேன்ல ஜனங்க குளிராம போறாங்கன்னா அதுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு." அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். காபியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போதெல்லாம் ஜன்னலோர இருக்கையைத்தான் கேட்டு வாங்குகிறேன். போன மாதம் டில்லிக்குப் போனபோதும் அப்படித்தான். என் புரோகிராம் ஓடும் விமானம். புறப்பட்டு ஒரு மணி நேரத்தில் முதலில் விரல்கள், பிறகு பாதம், பிறகு கணுக்கால் மரத்தது. முன்வரிசை ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். பணிப்பெண் வந்து கேட்டபோது, "பரவால்லம்மா" என்றார். அக்காவின் அதே குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவங்களுக்குக் குளிருது, எனக்கும் குளிருது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் போய்ச் சூட்டைக் கூட்டினாள். தலைக்கு மேல் காற்று வெதுவெதுப்பானது. தரைப்பக்கம் வரவில்லை. வராது. அப்படி எழுதியது நான்தான்.

அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆறு டிக். ஒன்றுகூடக் குறைக்காமல் அக்கா எனக்குப் போட்ட மார்க். முன்வரிசை அம்மா கால்களை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.